கார்பன் நானோகுழாய்ப் படலம்: கேளுங்கள், சொல்கிறோம்

கார்பன் நானோகுழாய்கள், அதாவது நானோமீட்டர் அளவே தடிமனுள்ள கார்பன் குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உருவாகும் வலைப்பின்னல்களில் வேலை செய்யும் வாசகர்களின் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே வருகின்றன. மின்னோட்டம் ஏன் எதிர்பார்த்தபடி இல்லை? ஒளி பட்டதும் வரும் சிக்னலை எவ்வளவு நம்பலாம்? ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒற்றைச் சுவர் நானோகுழாய் ஒன்றின் மின்தடை சில கிலோ ஓம்தான் என்று படித்தேன். அப்படியென்றால் லட்சக்கணக்கான குழாய்கள் உள்ள படலம் செம்பைப் போலக் கடத்த வேண்டாமா? என் மெல்லிய படலத்தின் ஷீட் தடை (சதுரத் துண்டு ஒன்றின் தடை) பல கிலோ ஓம் வருகிறது.

பதில்: நீங்கள் படித்தது சரி. ஒரு குழாயில் நான்கு கடத்தல் வழிகள் உண்டு. அதனால் மிக நல்ல தொடர்புகள் இருந்தாலும் தடை 6.45 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. ஆனால் வலைப்பின்னலில் மின்னோட்டம் ஒரே குழாயில் கடைசிவரை போவதில்லை. ஒரு மைக்ரோமீட்டர் போனதும் அடுத்த குழாய்க்குத் தாவ வேண்டும். தாவும் இடமான சந்தியில்தான் தடை குவிந்திருக்கிறது. 2000-இல் பெர்க்லியில் மைக்கேல் ஃபூரர் முதலானோர் குறுக்கே கிடந்த இரண்டு குழாய்களைத் தனித்தனியே அளந்தார்கள். உலோகக் குழாயும் உலோகக் குழாயும் சந்திக்கும் இடத்தில் சுமார் 200 முதல் 300 கிலோ ஓம் வந்தது. உலோகக் குழாயும் குறைகடத்திக் குழாயும் சந்திக்கும் இடத்தில் மின்சுமைகளை மறிக்கும் ஷாட்கி தடுப்பு உருவாகிறது. அங்கே கடத்துத்திறன் இன்னும் ஏறத்தாழ 100 மடங்கு குறைவு.

படலத்தை மேம்படுத்த வேண்டுமானால் சந்திகளைக் குறையுங்கள், அல்லது ஒவ்வொரு சந்தியின் தடையைக் குறையுங்கள். முதலாவதற்கு நீளமான குழாய் வேண்டும். இங்கேதான் பலர் இழக்கிறார்கள்: அல்ட்ராசோனிக் முனையை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் கரைசல் பார்க்க அழகாகக் கறுக்கும், குழாய்களோ துண்டாகிவிடும். 2 மைக்ரோமீட்டர் குழாய் அரை மைக்ரோமீட்டர் ஆனால் அதே தூரத்தைக் கடக்க நான்கு மடங்கு சந்திகள். இரண்டாவதற்கு, குழாய்களுக்கிடையே சிக்கிய சர்ஃபாக்டன்டை (குழாய்களைக் கரைசலில் பிரித்து வைக்கும் சோப்பு போன்ற பொருளை) முழுவதும் கழுவ வேண்டும், பிறகு டோப்பிங் செய்ய (வேறு பொருள் சேர்த்து மின்சுமைகளைக் கூட்ட) வேண்டும். குழாய்கள் கற்றையாகச் சேர்வதும் நட்டம்தான். கற்றையின் உள்ளே இருப்பவை அடுத்த கற்றையைத் தொடுவதே இல்லை.

படலத்தைக் குளிர்வித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உலோகம் போலிருந்தால் குளிரக் குளிரத் தடை குறைய வேண்டும். பெரும்பாலான படலங்களில் ஏறுகிறது. சந்தியைத் தாண்ட வெப்ப அசைவின் உதவி தேவைப்படுவதே காரணம்.

கேள்வி: உலோகம், குறைகடத்தி என்று பிரிக்கப்படாத குழாய்களால் செய்த டிரான்சிஸ்டர் அணையவே மறுக்கிறது. ஆன்-ஆஃப் விகிதம் 5-ஐத் தாண்டவில்லை. கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் பலனில்லை.

பதில்: கேட்டைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு சதுர மைக்ரோமீட்டரில் எத்தனை குழாய்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அணு விசை நுண்ணோக்கியின் நாலைந்து படங்கள் போதும்.

தற்செயலாகச் சிதறிய குச்சிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்பு பெற, அடர்த்தியை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் குறைந்தது 5.64 வர வேண்டும். குழாய் நீளம் 1 மைக்ரோமீட்டர் என்றால் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 5.6 குழாய்கள். அரை மைக்ரோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 23. குழாய்ச் சுவர் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று சொல்லும் கைரல் எண்கள் இரண்டின் வித்தியாசம் 3-ஆல் வகுபட்டால் அது உலோகத்தன்மை கொண்டது. அதனால் பிரிக்காத கலவையில் மூன்றில் ஒன்று உலோகம். 1 மைக்ரோமீட்டர் குழாய்களுக்கு 5.6-லிருந்து 17 வரையிலான அடர்த்தியில் மொத்த வலைப்பின்னல் கடத்தும், உலோகக் குழாய்கள் மட்டும் தங்களுக்குள் தொடராது. 17-ஐத் தாண்டினால் உலோகப் பாதை முழுமையாகிவிடும். கேட்டுக்கு அங்கே வேலையில்லை. உங்கள் படலம் அந்த எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். 99 சதவீதம் குறைகடத்தியாகப் பிரித்த கரைசலில் இதே எல்லை 560-க்குப் போய்விடும். பிரிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இந்தக் கணக்கு, சோர்ஸ், டிரெயின் என்னும் இரு மின்முனைகளுக்கு இடையிலான சேனல் குழாயைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தால்தான் பொருந்தும். 2 மைக்ரோமீட்டர் சேனலில் 1.5 மைக்ரோமீட்டர் குழாய்களைப் போட்டால், ஒன்றிரண்டு உலோகக் குழாய்களே சோர்ஸையும் டிரெயினையும் இணைத்துவிடும்.

ஆனால் உலோகப் பாதைமீது பழி போடுமுன் வேறு மூன்று குற்றவாளிகளை விலக்க வேண்டும். கேட் கசிவை எப்போதும் டிரெயின் மின்னோட்டத்துடன் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அடுத்து, சேனலுக்கு வெளியே கிடக்கும் வலைப்பின்னல்: அதை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் நீக்காவிட்டால் மின்னோட்டம் சுற்றுவழியில் போகும், பக்கத்துச் சாதனமும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, டிரெயின் மின்னழுத்தம். 1.4 நானோமீட்டர் குழாயின் ஆற்றல் இடைவெளி சுமார் 0.6 எலக்ட்ரான் வோல்ட்தான். டிரெயினில் அதிகம் கொடுத்தால் அணைந்த நிலையில் எதிர்வகை மின்சுமைகள் உள்ளே புகுந்துவிடும். டிரெயினை 1 வோல்ட்டிலிருந்து 0.1 வோல்ட்டுக்கு இறக்குங்கள். ஆஃப் மின்னோட்டம் சரியாகப் பத்தில் ஒன்றானால் உலோகப் பாதை. நூறில் ஒன்றாகவோ அதற்கும் கீழோ விழுந்தால் எதிர்வகை மின்சுமைகள்.

உலோகப் பாதைதான் என்று உறுதியானால், நல்ல மருத்துவம் வலைப்பின்னலைக் கீற்றுகளாக அறுப்பது. மின்னோட்டத்தின் திசையிலேயே சில மைக்ரோமீட்டர் அகலக் கீற்றுகளாகப் பிளாஸ்மாவால் வெட்டினால், வளைந்து வளைந்து போகும் உலோகப் பாதைகள் அறுந்துவிடும். எண்ணிக்கையில் அதிகமான குறைகடத்திப் பாதைகள் பிழைத்திருக்கும். 2008-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு இந்த வழியில் முழு மின்சுற்றுகளையே செய்து காட்டியது. 2001-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காட்டிய இன்னொரு வழியும் இருக்கிறது: பி வகைச் சாதனத்தில் (நேர் மின்சுமைகளான துளைகள் கடத்துவதில்) கேட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்துக் குறைகடத்திக் குழாய்களை அணைத்துவிட்டு, காற்றில் டிரெயினை ஏற்றி உலோகக் குழாய்களை எரிப்பது. தனிக் குழாய்களுக்கும் நேர்வரிசைக் குழாய்களுக்கும் அது சிறப்பாக வேலை செய்யும். வலைப்பின்னலில் எங்கள் முதல் தேர்வு அதுவல்ல, ஏனென்றால் ஒரே பாதையில் இரண்டு வகைக் குழாய்களும் தொடராக இருப்பதால் நல்லவையும் சேர்ந்து எரிகின்றன.

கேள்வி: வெற்றிட வடிகட்டல் முறையில், அதாவது கரைசலைச் சவ்வு வழியாக உறிஞ்சி இறக்கிக் குழாய்களைச் சவ்வின் மேல் படியவைத்து, படலம் செய்கிறேன். கண்ணாடிக்கு மாற்றும்போது குமிழ்களும் கிழிசல்களும் வருகின்றன. படலம் இடத்துக்கு இடம் வேறு நிறத்தில் இருக்கிறது.

பதில்: இந்த முறையின் பெரிய பலமே அது தானாகச் சமன் செய்துகொள்வது. எங்கே படலம் தடித்ததோ அங்கே நீர் மெதுவாக இறங்கும். மெல்லிய இடத்துக்கு அதிகக் குழாய்கள் போகும். ஆகவே திட்டுத் திட்டாக வந்தால் கரைசலில் கட்டிகள் இருக்கின்றன, அல்லது வடிதட்டில் சவ்வு சீராக ஒட்டவில்லை.

நம்பகமான அளவுகள் இவை. ஒரு சதவீத சர்ஃபாக்டன்ட் (சோடியம் கோலேட் அல்லது எஸ்டிபிஎஸ்) கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குழாய்த் தூள். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, விட்டு விட்டு 20 முதல் 30 நிமிடம் சோனிகேஷன் (அல்ட்ராசோனிக் கலக்கல்). புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்குக்கு மேல் ஒரு மணி நேரம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே உள்ள முக்கால் பங்கை மட்டும் எடுங்கள். வடிகட்டுமுன் பத்து மடங்காவது நீர்க்க வைத்தால் ஓட்டம் சீராகும். சவ்வு கலப்பு செல்லுலோஸ் எஸ்டர், துளை 0.1 அல்லது 0.2 மைக்ரோமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் குழாய் படிந்தால், படலத்தின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்று கொண்டால், தடிமன் 50 நானோமீட்டர்.

கரைசல் முழுதும் இறங்கி முடியும்வரை சவ்வைத் தொடாதீர்கள். பிறகு அயனி நீக்கிய நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவுங்கள். வேகமாக ஊற்றினால் மிச்சமுள்ள சர்ஃபாக்டன்ட் நுரைக்கும்; நுரை வெடிக்கும் இடத்தில் படலம் வட்டமாகத் தூக்கிவிடும். நுரை முழுவதும் நின்ற பிறகும் அதே அளவு நீரை இன்னொரு முறை விடுவது வீண்போகாது.

குமிழ்களுக்குக் காரணம் அவசரம். சவ்வை நேராக அசிட்டோனில் முக்கினால் அது முதலில் உப்பிப் பிறகு கரையும். உப்பும்போது படலத்தை இழுத்துக் கிழிக்கிறது. படலப் பக்கம் கண்ணாடியில் படும்படி ஈரத்தோடு வைத்து, மேலே சமதளமான எடை ஏற்றி, ஓர் இரவு உலர விடுங்கள். மறுநாள் அசிட்டோன் ஆவியில் வையுங்கள். சவ்வு பளிங்குபோல் ஊடுருவும் தன்மை பெற்றுக் கண்ணாடியோடு படிந்த பின்தான் திரவ அசிட்டோன். மூன்று முறை புது அசிட்டோன் மாற்றி, கடைசியில் மெத்தனாலில் அலசி எடுங்கள். அசிட்டோனைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தினால் செல்லுலோஸ் மீதி சந்திகளில் தங்கிவிடும். படலம் பார்க்கத் தெளிவாக இருக்கும், தடை மட்டும் இறங்காது.

கேள்வி: நைட்ரிக் அமிலத்தில் நனைத்ததும் தடை பாதிக்கும் கீழே இறங்கியது. சில வாரங்களில் ஏறிவிட்டதே?

பதில்: அமிலத்திலிருந்து வந்த ஏற்பி மூலக்கூறுகள் (குழாயிலிருந்து எலக்ட்ரானை எடுத்துக்கொள்பவை) படலத்தை விட்டு மெல்ல வெளியேறுகின்றன, வெப்பமும் வெற்றிடமும் அதை விரைவுபடுத்தும். நீண்ட நாள் நிலைக்க வேண்டுமானால் மாலிப்டினம் ஆக்சைடு மேலடுக்கு போன்ற திடப் பொருளால் டோப் செய்யுங்கள், அல்லது காற்றுப் புகாத உறை போடுங்கள். ஓர் எச்சரிக்கை: அசிட்டோன் துளிகூட மிஞ்சியிருக்கும் படலத்தை நைட்ரிக் அமிலத்தில் இடாதீர்கள். அந்தக் கலவை வெடிக்கக்கூடியது. இரண்டின் கழிவையும் ஒரே குடுவையில் ஊற்றவும் கூடாது.

கேள்வி: 90 சதவீத ஒளி ஊடுருவலுக்கு எவ்வளவு ஷீட் தடை வந்தால் நல்ல படலம் என்று சொல்லலாம்?

பதில்: மின்கடத்தலுக்கும் ஒளிக் கடத்தலுக்கும் உள்ள விகிதமே படலத்தின் தரம். அந்த விகிதம் 10 என்றால், 550 நானோமீட்டரில் 90 சதவீத ஊடுருவலில் ஷீட் தடை சுமார் 350 ஓம் வரும். 100 ஓம் வேண்டுமானால் விகிதம் 35-ஐ எட்ட வேண்டும். ஊடுருவலை வெறும் கண்ணாடியோடு ஒப்பிட்டதா, காற்றோடு ஒப்பிட்டதா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். கண்ணாடியின் இரு பரப்புகளும் சேர்ந்தே 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி: ஒளியுறிஞ்சல் நிறமாலையில் எஸ்11 (குறைகடத்திக் குழாய்களின் முதல்) முகடு காணாமல் போய்விட்டது. குழாய்கள் கெட்டுவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் கெடவில்லை, டோப் ஆகியிருக்கின்றன. 1.4 நானோமீட்டர் குழாய்களில் எஸ்11 சுமார் 1,700 முதல் 1,800 நானோமீட்டரிலும், இரண்டாவது முகடான எஸ்22 சுமார் 1,000-இலும், உலோகக் குழாய்களின் எம்11 சுமார் 700-இலும் தெரியும். ஏற்பி மூலக்கூறு முதல் ஆற்றல் நிலையிலிருந்து எலக்ட்ரானை எடுத்துக்கொண்டால், அங்கிருந்து தாவ எலக்ட்ரான் இல்லை; எஸ்11 மங்கும். டோப்பிங் இன்னும் பலமானால் எஸ்22-உம் மங்கும். படலத்தை வெற்றிடத்தில் சில மணி நேரம் சூடாக்கி மறுபடி அளந்தால் முகடு திரும்பும், தடையும் ஏறும். முகடு திரும்பாமல், ராமன் நிறமாலையில் (சிதறிய லேசர் ஒளியின் நிறமாலையில்) 1,350 செ.மீ⁻¹ அருகே உள்ள, குறைபாடுகளைக் காட்டும் டி முகடும் வளர்ந்திருந்தால்தான் குழாய்ச் சுவரில் உண்மையான சேதம்.

நீர்க் கரைசலில் அளந்தீர்கள் என்றால் வேறொரு விளக்கமும் உண்டு: 1,400 நானோமீட்டருக்கு மேல் நீரே ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. அந்தப் பகுதிக்குக் கன நீரையோ உலர்ந்த படலத்தையோ பயன்படுத்துங்கள். எம்11 முகடு தெரியவில்லை என்பதை வைத்து 99.9 சதவீதத் தூய்மை என்று எழுதிவிடவும் வேண்டாம். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ள உலோகக் குழாய்களை உறிஞ்சல் நிறமாலை பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டாது. அந்த அளவுத் தூய்மையைக் குறுஞ்சேனல் டிரான்சிஸ்டர்கள் பலவற்றை அளந்துதான் நிரூபிக்க முடியும்.

கேள்வி: ஒரே ஒரு லேசர் உள்ள ராமன் கருவியால் உலோகக் குழாய் இல்லை என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. அந்த லேசரின் ஆற்றலோடு ஒத்திசையும் குழாய்கள்தான் பளிச்சென்று தெரியும். மற்றவை இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று லேசர்கள் வேண்டும்.

கேள்வி: கேட்டை ஏற்றும்போது ஒரு வளைவு, இறக்கும்போது வேறொரு வளைவு. எதை வைத்து இயக்க எண்ணை (மின்சுமைகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற அளவை) கணக்கிடுவது?

பதில்: சிலிக்கான் டையாக்சைடு பரப்பில் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் மின்சுமையைப் பிடித்து வைக்கின்றன, ஹிஸ்டெரிசிஸ் எனப்படும் இந்த வளைவு வேறுபாட்டின் பெரும்பகுதி அதனால்தான். வெற்றிடத்தில் 120 முதல் 150 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி, வெளியே எடுக்காமலே அளங்கள். இரு வளைவுகளும் நெருங்கிவரும். பிறகு காற்றுப்படாமல் பிஎம்எம்ஏ பாலிமர் பூசி மூடலாம். வெற்றிடத்தில் ஆக்சிஜனும் போய்விடுவதால் த்ரெஷோல்ட் (சாதனம் கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) எதிர்மின் பக்கம் நகரும்; அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். எப்படியானாலும் இரு திசை வளைவுகளையும், கேட் எல்லைகளையும், ஏற்றிய வேகத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஒரு திசை மட்டும் உள்ள வரைபடத்தால் யாருக்கும் பயனில்லை.

இயக்க எண்ணில் இதைவிடப் பெரிய பிழை மின்தேக்குத்திறனில் ஒளிந்திருக்கிறது. பலரும் இணைத்தகட்டுச் சூத்திரத்தைப் போடுகிறார்கள். 50 நானோமீட்டர் சிலிக்கான் டையாக்சைடுக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 69 நானோஃபாரட் தரும். ஆனால் மைக்ரோமீட்டருக்கு 10 குழாய்கள்தான் இருக்கின்றன என்றால் குழாய்களுக்கிடையே 100 நானோமீட்டர் இடைவெளி. மின்புலக் கோடுகள் தகட்டைப் போல் சீராக முடியாமல் மெல்லிய குழாய்களில் குவிகின்றன. உருளை வடிவையும் குழாயின் குவாண்டம் மின்தேக்குத்திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால், 0.7 நானோமீட்டர் ஆரத்துக்கு 32 நானோஃபாரட்தான் வருகிறது. அதாவது இணைத்தகட்டுக் கணக்கில் கிடைக்கும் இயக்க எண் உண்மை மதிப்பில் பாதியளவுதான். மின்காப்பு அடுக்கு மெலிய மெலிய இந்த வித்தியாசம் பெருகும். வசதி இருந்தால் மின்தேக்குத்திறனை நேரடியாக அளந்துவிடுவதே சிறந்தது.

கேள்வி: கரைசல் அகச்சிவப்பில் ஒளிர்கிறது, அதே குழாய்களால் செய்த படலம் ஒளிர்வதில்லையே?

பதில்: கரைசலில் ஒவ்வொரு குழாயும் சர்ஃபாக்டன்ட் உறைக்குள் தனியாக இருக்கிறது. படலத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் குழாய்களுக்கிடையே எக்சிட்டான் (ஒளி உருவாக்கும் எலக்ட்ரான்-துளை இணை) மிகச் சிறிய ஆற்றல் இடைவெளி உள்ள குழாயை நோக்கியோ உலோகக் குழாயை நோக்கியோ ஓடி, ஒளியின்றி அணைந்துவிடுகிறது. பாலிமர் சுற்றிப் பிரித்த, உலோகக் குழாய் ஏறக்குறைய இல்லாத படலங்களில் ஓரளவு ஒளிர்வு மிஞ்சும்.

கேள்வி: சிலிக்கான் மேல் உள்ள என் நானோகுழாய் வலைப்பின்னலில் ஒளி பட்டதும் மின்னோட்டம் பல மடங்கு ஏறுகிறது. இது சிறந்த ஒளி உணரி என்று எழுதலாமா?

பதில்: இன்னும் எழுதாதீர்கள். ஒளி பட்டதும் மின்னோட்டத்தை மாற்றக்கூடிய நிகழ்வுகள் நான்கு உண்டு. அவற்றில் மிக ஏமாற்றுவது நானோகுழாயில் நடப்பதே அல்ல: 1,100 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைக் கேட்டாகப் பயன்படும் சிலிக்கானே உறிஞ்சுகிறது. அதன் பரப்பில் தோன்றும் மின்னழுத்தம் ஆக்சைடு வழியாகக் கேட்டைப் போலவே குழாய்களை ஆட்டுவிக்கும். மின்னோட்டம் தாராளமாக மாறும். அதே வலைப்பின்னலைக் குவார்ட்ஸ் மேல் செய்து பாருங்கள், அல்லது 1,300 நானோமீட்டர் லேசரால் அளந்து பாருங்கள். சிக்னல் மறைந்தால் நீங்கள் சிலிக்கானைத்தான் அளந்துகொண்டிருந்தீர்கள்.

அடுத்தது ஆக்சிஜன். புற ஊதா அல்லது நீல ஒளி, குழாயில் ஒட்டியிருந்த ஆக்சிஜனைக் கழற்றிவிடுகிறது. பி வகை டோப்பிங் குறைவதால் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் மெல்லச் சரியும். ஒளியை அணைத்தாலும் காற்று திரும்ப ஒட்டும்வரை மீளாது. வெற்றிடத்தில் மீளவே மீளாது. உங்கள் சிக்னலின் திசை ஏறுமுகம் என்பதால் இது முதன்மைக் காரணமாக இருக்காது. ஆனால் நீண்ட நேர அளவீட்டில் அடிக்கோடு நகர்வதற்கு இதுவே காரணமாகலாம்.

மூன்றாவது வெப்பம். குழாய் உறிஞ்சும் ஒளியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. சூடான வலைப்பின்னலில் சந்திகளைத் தாண்டுவது எளிதாகித் தடை இறங்கும். 2006-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ராபர்ட் ஹேடன் குழு வெற்றிடத்தில் தொங்கவிட்ட படலத்தில் இந்த விளைவை நன்கு காட்டியது. அடித்தளத்தோடு ஒட்டிய படலத்தில் வெப்பம் உடனே கீழே இறங்கிவிடுவதால் சிக்னல் சுருங்கும். ஒளிப்புள்ளியைச் சாதனத்தின் குறுக்கே நகர்த்திக்கொண்டே, மின்னழுத்தம் எதுவும் தராமல் அளங்கள். ஒரு மின்முனை அருகே நேர் மின்னோட்டம், மறுமுனை அருகே எதிர் மின்னோட்டம், நடுவில் ஒன்றுமில்லை என்றால், மின்முனைகளில் நடக்கும் வெப்பமின் விளைவு அல்லது ஷாட்கி தடுப்பின் விளைவு. நடுவில் மின்னழுத்தம் தந்தால் மட்டும் சிக்னல் வருகிறதென்றால் தடை மாற்றம்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே நான்காவது, உண்மையான ஒளிமின்னோட்டம். அது சிறியதாகத்தான் இருக்கும். ஒளி முதலில் எலக்ட்ரானும் துளையும் இறுகப் பிணைந்த எக்சிட்டானை உருவாக்குகிறது. ஏறக்குறைய 0.8 நானோமீட்டர் குழாய்களில் அந்தப் பிணைப்பு 0.3 முதல் 0.4 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றலைவிடப் பத்து மடங்குக்கு மேல். வலுவான மின்புலம் உள்ள மின்முனை ஓரத்திலோ, ஃபுல்லரீன் (கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறு) போன்ற ஏற்பி தொட்டிருக்கும் இடத்திலோதான் அது எளிதில் பிரியும்.

ஆகவே ஒளியைத் துண்டிக்கும் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸிலிருந்து பல கிலோஹெர்ட்ஸ் வரை மாற்றி ஒரு வளைவு எடுங்கள். அலைநீளத்தை மாற்றி இன்னொன்று எடுங்கள். இரண்டாவது வளைவு படலத்தின் எஸ்11, எஸ்22 முகடுகளைப் பின்பற்றினால் ஒளியை உறிஞ்சியது குழாய்கள்தான் என்பது உறுதி. ஆனால் வெப்ப விளைவும் அதே முகடுகளைப் பின்பற்றும் என்பதால், அது ஒளிமின்னோட்டமா என்று தீர்ப்பதற்கு அதிர்வெண் வளைவும், காற்றிலும் வெற்றிடத்திலும் எடுத்த ஒப்பீடும் கூடவே வேண்டும்.